வெளிநாட்டுத் தன்னார்வப் பணி: எப்படித் தயாராவது, மற்றவர்களை எப்படி அழைப்பது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: கணக்குத் துறையில் சில வருட அனுபவம் இருக்கிறது, அடுத்த ஆண்டு நீண்ட விடுப்பு எடுத்து வெளிநாட்டில் தன்னார்வலராகப் பணி செய்ய ஆசை, முடிந்தால் ஒரு குழந்தைகள் காப்பகத்தில். கூட வர இரண்டு தோழிகள் தயார், ஒருவர் செவிலியர், இன்னொருவர் இப்போதுதான் கல்லூரி முடித்தவர். என்னென்ன தயார் செய்ய வேண்டும், "சூப்பர், நானும் வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் காணாமல் போகிற மற்ற நண்பர்களை எப்படி இழுப்பது?

நல்ல முடிவு, கண்டிப்பாகப் போங்கள். இப்படிப் போகிறவர்களைத் தேர்ந்தெடுக்கிற இடத்திலும், அவர்கள் வந்து இறங்குகிற கள அலுவலகத்திலும் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். ஆனால் முதலில் அந்தக் காப்பகத் திட்டத்தைக் கைவிடுங்கள். உங்களுக்குக் குழந்தைகள் மேல் இருக்கும் அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிரச்சினை அந்த ஏற்பாட்டில் இருக்கிறது.

உலகம் முழுக்க காப்பகங்களில் இருக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். குழந்தைகளுக்காக வேலை செய்யும் சர்வதேச அமைப்புகள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகின்றன. வறுமைதான் அந்தக் குழந்தைகளை அங்கே கொண்டுவந்து விடுகிறது. வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் பணம் கட்டி வரத் தொடங்கியதும், குழந்தைகள் இருந்தால்தான் வருமானம் என்றாகி, சில இடங்களில் "நல்ல படிப்பு தருகிறோம்" என்று சொல்லிப் பெற்றோரிடமிருந்து குழந்தைகளைப் பிரித்துக் கொண்டுவருகிற அளவுக்குப் போய்விட்டது. கம்போடியாவிலும் நேபாளத்திலும் இது விரிவாகப் பதிவாகியிருக்கிறது. 2019இல் ஐ.நா. பொதுச்சபையே குழந்தைகள் உரிமை குறித்த தன் தீர்மானத்தில் காப்பகத் தன்னார்வச் சுற்றுலாவின் தீங்கைக் குறிப்பிட்டது. அங்கே போய்வந்தவர்கள் எல்லோரும் ஒரு காட்சியைச் சொல்வார்கள்: வாசலில் கால் வைத்ததுமே முன்பின் தெரியாத நம்மிடம் ஓடிவந்து மடியில் ஏறிக்கொள்ளும் சின்னக் குழந்தை. பார்க்க உருக்கமாக இருக்கும். ஆனால் யார் வந்தாலும் இப்படி ஓடி ஒட்டிக்கொள்வது, நிலையான ஒருவரோடு பிணைப்பு ஏற்படாமல் போனதன் அறிகுறியாக இருக்கலாம் என்பது குழந்தை மனநலம் படித்தவர்களுக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு புது அக்கா வந்து கொஞ்சிவிட்டுப் போனால் அந்தக் காயம் ஆழமாகத்தான் ஆகும்.

சரி, அப்படியானால் என்ன செய்வது? உங்கள் தொழிலையே எடுத்துக்கொண்டு போங்கள். கணக்காளரை யார் தேடப்போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். போர், பேரிடர் நடக்கும் இடங்களில் சிகிச்சை தரும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு மருத்துவர்களால் மட்டும் ஓடுவதில்லை, நிதி, ஆள் நிர்வாகம், சரக்கு, வாகனம், தண்ணீர், மின்சாரம் என்று மருத்துவம் சாராதவர்கள் பெருங்கூட்டமாக அங்கே வேலை செய்கிறார்கள் (அவர்களுக்கு அங்கே சம்பளம் உண்டு, அது தன்னார்வப் பணி என்பதைவிட ஒரு வேலை என்பதே சரி). நான் இருந்த ஒரு கள அலுவலகத்தில் நன்கொடையாளர் கடைசித் தவணையை நிறுத்தி வைத்திருந்தார், காரணம் தணிக்கை முடியவில்லை. ஒரு பழைய தகர டப்பா நிறைய ரசீதுகள், அதில் பாதிக்கு மேல், வெப்பத்தால் அச்சாகும் வழவழப்புத் தாள், வெயிலில் மை வெளுத்து வெற்றுத் தாளாகிக்கொண்டிருந்தது. அப்போது வந்த தன்னார்வலர் ஒருவர், உங்களைப் போலவே கணக்காளர், முதல் வேலையாக மிச்சம் தெரிந்த ஒவ்வொரு ரசீதையும் செல்போனில் படம் பிடித்து, அதன் மேலேயே பேனாவால் தொகையையும் தேதியையும் எழுதினார். அப்புறம் உள்ளூர்க் காசாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவருக்கு வசதியான மாதிரியில் ஒரு பதிவேடு போட்டார்கள். தன் ஊரில் பழகிய மென்பொருளை அங்கே திணிக்கவில்லை. அவர் கிளம்பின பிறகு அந்த வருடக் கணக்கை முடித்தது அந்தக் காசாளர்தான், யாருடைய உதவியும் இல்லாமல். தவணை வந்தது, மருந்தகத்துக்கு ஆறு மாத மருந்து வந்தது.

அதனால் எந்த வாய்ப்பைப் பார்த்தாலும் அந்த அமைப்புக்கு முதலில் இந்தக் கேள்விகளை எழுதிக் கேளுங்கள்: இந்த வேலையை வேண்டும் என்று கேட்டது யார், உள்ளூரில் இதற்கு ஆள் கிடைக்காதா, எனக்கு முன்னால் யார் செய்தார், நான் போன பிறகு யார் தொடர்வார்? ஒழுங்கான அமைப்பு என்றால் இரண்டு நாளில் தெளிவாகப் பதில் வரும். "வாருங்கள், வந்து பார்த்துக்கொள்ளலாம், எல்லோருக்கும் ஏதாவது வேலை இருக்கும்" என்று வந்தால் வேறு இடம் பாருங்கள். பணம் கட்டச் சொன்னால் உடனே மோசடி என்று முடிவு கட்ட வேண்டியதில்லை, சிறிய அமைப்புகள் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் வாங்கத்தான் செய்யும், ஆனால் எந்தத் தொகை எதற்குப் போகிறது என்று பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். பெரிய தொகை வாங்கிக்கொண்டு, உங்கள் தகுதி என்ன என்று ஒரு கேள்விகூடக் கேட்காத, காவல்துறைச் சான்று கேட்காத இடமென்றால் தாமதிக்காமல் விலகிவிடுங்கள். உங்களைச் சல்லடை போட்டுச் சலிக்கிற அமைப்புதான் அங்குள்ள மக்களையும் பத்திரமாக வைத்திருக்கும்.

வேலையை அந்த ஊர்க்காரர்கள் கேட்டார்களா, நாம் வருவதில் அவர்களுக்குச் சம்மதமா என்கிற கேள்வி புதிதில்லை. இன்றைய சர்வதேசத் தன்னார்வ முகாம்களுக்கு முன்னோடி 1920இல் பிரான்சில் வெர்டன் அருகே எஸ்ன் என்ற கிராமத்தில் நடந்தது. முதல் உலகப் போரில் தரைமட்டமான ஊர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியேர் செரெசோல் தலைமையில் பல நாட்டு ஆட்கள் போய்க் குடிசைகள் கட்டினார்கள், சாலை சரிசெய்தார்கள், அதில் ஜெர்மானியரும் இருந்தார்கள். நோக்கம் உயர்ந்தது, உழைப்பு உண்மையானது. ஆனால் போர் முடிந்து இரண்டே வருடம் ஆன நிலையில் ஜெர்மானியர் அங்கே இருப்பதற்கு எதிர்ப்பு கிளம்பி, சில மாதங்களிலேயே வேலையை நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. அந்த முயற்சியிலிருந்து வளர்ந்த சர்வதேசக் குடிமைச் சேவை அமைப்பு இன்றும் இரண்டு, மூன்று வார முகாம்கள் நடத்துகிறது. கல்லூரி முடித்த உங்கள் தோழிக்கு அது நல்ல தொடக்கம். தொழில் அனுபவம் இல்லாமலே பங்கெடுக்கலாம், கூட்டமாக வேலை செய்யப் பழகலாம், தனக்கு இது ஒத்துவருமா என்று குறைந்த செலவில் தெரிந்துகொள்ளலாம்.

நீங்களும் செவிலியத் தோழியும் ஐ.நா. தன்னார்வலர் திட்டத்தைப் பாருங்கள். 1970இல் பொதுச்சபை உருவாக்கியது, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில். 18 முதல் 26 வயது வரை இளைஞர் பிரிவு, 27க்கு மேல் அனுபவம் உள்ளவர்களுக்கான பிரிவு. மாதப் படி, பயணச் செலவு, காப்பீடு எல்லாம் அவர்களே தருவார்கள், எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்க மாட்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் அது ஏமாற்று வேலை. வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும், 1958இல் பிரிட்டனில் தொடங்கிய விஎஸ்ஓ அமைப்பும் இருக்கிறது. அது முதலில் அனுப்பியது பள்ளி முடித்த பிள்ளைகளைத்தான், போகப்போகத் தொழில் தெரிந்தவர்கள்தான் தேவை என்று மாறியது. இந்தத் துறையே அந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கிறது.

இனி உடம்பு. இதில்தான் பலர் கடைசி நேரத்தில் ஓடுகிறார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முழுதாக முடிய வழக்கமான முறையில் ஆறு மாதம் ஆகும், இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று. செவிலியத் தோழி ஏற்கெனவே போட்டிருப்பார், நீங்கள் போட்டீர்களா என்று பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று சில நாடுகளுக்குள் நுழையவே தேவை. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அந்தச் சான்று செல்லும், அதனால் கிளம்புவதற்கு முந்தின வாரம் போய் நின்றால் பயனில்லை. 2016 ஜூலையிலிருந்து ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று விதி மாறிவிட்டது, பழைய சான்றில் பத்து வருடம் என்று இருந்தாலும் கவலை வேண்டாம். வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போடும் ஊசி, ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு வார இடைவெளியில் இரண்டு தடவை போதும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் இப்போதைய பரிந்துரை. போட்டுக்கொண்டாலும் கடி பட்டால் உடனே மறுபடி ஊசி போட வேண்டும். ஆனால் இம்யூனோகுளோபுலின் என்ற கிடைப்பதற்கு அரிதான மருந்தைத் தேடி அலைய வேண்டியிருக்காது, ஒதுக்குப்புறமான ஊரில் அது பெரிய விஷயம்.

மலேரியா உள்ள இடமென்றால் மாத்திரையை மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள், இணையத்தில் படித்து வாங்காதீர்கள். டாக்சிசைக்ளின் என்றால் கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பே தொடங்கி, அங்கிருக்கும் வரை தினமும் எடுத்து, திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும். வெறும் வயிற்றில் போடக்கூடாது, நிறையத் தண்ணீரோடு போட வேண்டும், போட்டதும் படுக்கக்கூடாது, உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். வெயிலில் தோல் சீக்கிரம் கன்றும். வந்த பிறகு எடுக்க வேண்டிய அந்த நான்கு வாரத்தைத்தான் நிறைய பேர் "வீட்டுக்கு வந்தாச்சே" என்று விட்டுவிடுகிறார்கள். ஊர் திரும்பிப் பல மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும், எங்கே போயிருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

விசா பற்றி ஒன்றே ஒன்று. சம்பளம் வாங்கவில்லையே, சுற்றுலா விசாவில் போனால் போதாதா என்று கேட்பார்கள். பல நாடுகளில் சம்பளமில்லாத வேலையும் வேலைதான், மாட்டினால் நீங்கள் நாடு கடத்தப்படுவீர்கள், அழைத்த அமைப்பின் பதிவுக்கே ஆபத்து. "சுற்றுலா என்று சொல்லிவிடுங்கள்" என்று ஓர் அமைப்பே சொல்லிக்கொடுத்தால், வேறு எதில் இப்படிக் குறுக்குவழி பார்க்கிறார்களோ என்று யோசியுங்கள். காப்பீட்டில், அவசர நேரத்தில் வேறு நாட்டு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகும் செலவு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், சாதாரணப் பயணக் காப்பீடு தன்னார்வப் பணியின்போது ஏற்படும் விபத்தைச் சேர்க்காமலும் இருக்கலாம்.

படிக்க வேண்டியது நிறைய இலவசமாகவே கிடைக்கிறது. ஐ.நா. பாதுகாப்புத் துறையின் பிசேஃப் என்ற பாதுகாப்புப் பயிற்சி, நிவாரணப் பணியாளர்களுக்கான காயா, டிசாஸ்டர்ரெடி என்ற இணையப் பயிற்சித் தளங்கள், அப்புறம் நிவாரணப் பணிக்கான குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும் ஸ்ஃபியர் கையேடு. ஸ்ஃபியரை முழுதாகப் படிக்காவிட்டாலும் புரட்டுங்கள். பேரிடர் முகாமில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் என்பது போன்ற அளவுகோல்கள் அதில் இருக்கின்றன. கணக்கு எழுதுகிறவருக்கு இது எதற்கு என்று தோன்றும். லாரித் தண்ணீருக்கான பில் உங்கள் மேசைக்கு வரும்போது அது அதிகமா குறைவா என்று கேட்கத் தெரிய வேண்டாமா? உளவியல் முதலுதவி பற்றி உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட சிறு கையேட்டையும் படியுங்கள், துயரத்தில் இருப்பவரைப் பேசச் சொல்லி வற்புறுத்தக்கூடாது என்ற ஒரு விஷயம் தெரிந்தாலே பெரிய தீங்கைத் தவிர்க்கலாம்.

இனி மற்றவர்களை அழைப்பது. இதைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. பொதுவாக "எல்லோரும் வாருங்கள்" என்று அழைத்தால் யாரும் வர மாட்டார்கள். "சூப்பர்" என்று சொன்ன உங்கள் நண்பர்கள் பொய் சொல்லவில்லை. அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் ஆறப்போட்டுவிட்டார்கள். ஒருவரைத் தனியாக உட்காரவைத்து, "நீ மின்வேலை தெரிந்தவன், இந்த அமைப்பு இந்த ஊருக்குச் சூரிய மின்தகடு பராமரிக்க ஆள் தேடுகிறது, விண்ணப்பத்துக்கு இருபது நாள் இருக்கிறது, இன்றைக்கே சேர்ந்து நிரப்பலாமா" என்று கேட்டுப் பாருங்கள். அவர் மறுத்தாலும் எதை மறுக்கிறோம் என்று தெரிந்து மறுப்பார்.

கஷ்டங்களை மறைக்காதீர்கள். முதல் மாதம் உங்களால் யாருக்கும் பெரிய பயன் இருக்காது, மொழி தெரியாது, யாரைக் கேட்டால் என்ன நடக்கும் என்று தெரியாது, மின்சாரம் போகும், தனிமை வாட்டும். இதையெல்லாம் முன்பே சொன்னால் ஆள் குறைவார்கள்தான், ஆனால் வந்தவர்கள் நிற்பார்கள். பாதியில் கிளம்பிப் போகிற ஒரு தன்னார்வலருக்காக அங்குள்ளவர்கள் செலவழித்த நேரம் திரும்பி வராது. பெரிய இழப்பிலிருந்தோ முறிந்த உறவிலிருந்தோ தப்பிக்கத்தான் ஒருவர் வரத் துடிக்கிறார் என்று தெரிந்தால், அன்போடு "கொஞ்ச நாள் பொறு" என்று சொல்லுங்கள். அழும் குழந்தையின் படத்தைப் போட்டு ஆள் சேர்க்காதீர்கள். அந்தக் குழந்தை வளர்ந்து ஒருநாள் அந்தப் படத்தைப் பார்க்கும்.

பெரும்பாலும் தடையாக இருப்பது வீடு. நண்பர் ஆசைப்பட்டாலும் அம்மாவும் அப்பாவும் பயப்படுவார்கள், அந்தப் பயம் நியாயமானது. அவர்களிடம் சேவையின் மகத்துவம் பற்றிச் சொற்பொழிவு செய்வதில் பயனில்லை. தங்குமிட முகவரி, இருபத்துநாலு மணி நேரமும் எடுக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண், காப்பீட்டுத் தாள், நிலைமை மோசமானால் எந்த வழியாக வெளியேற்றுவார்கள் என்ற திட்டம், இவற்றை அவர்கள் கையில் கொடுங்கள். முன்பு போய்வந்த ஒருவரை வீட்டுக்கே கூட்டிப்போய்ப் பேசவிட்டால் இன்னும் நல்லது. அந்த அம்மா கேட்கும் கேள்விகளை ஒருநாளும் அலட்சியம் செய்யாதீர்கள், எங்கள் பாதுகாப்புப் பயிற்சியில் விட்டுப்போன விஷயங்களைக்கூட அம்மாக்கள் கேட்டிருக்கிறார்கள்.

போக முடியாதவர்களை விட்டுவிடக் கூடாது. 2010 ஜனவரியில் ஹெயிட்டியில் நிலநடுக்கம் வந்தபோது தலைநகர் போர்ட்டோ பிரின்சுக்கு ஒழுங்கான இலவச வரைபடமே இல்லை. உலகின் பல மூலைகளில் வீட்டில் உட்கார்ந்திருந்த நூற்றுக்கணக்கானவர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, யார் வேண்டுமானாலும் வரைந்து சேர்க்கக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் சாலைகளையும் இடிபாடுகளையும் முகாம்களையும் வரைந்தார்கள், மீட்புக் குழுக்கள் அதை வைத்து வேலை செய்தன. இப்போதும் அந்த வேலை நடக்கிறது, ஒரு மணி நேரம் கிடைத்தாலும் சேரலாம். ஐ.நா. தன்னார்வலர் திட்டத்திலும் இணையவழிப் பணி உண்டு, மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, தரவு ஒழுங்குபடுத்தல் என்று. தயங்குகிற நண்பர்களை முதலில் இதில் இழுங்கள். ஒரு ஞாயிறு மத்தியானம் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து வரைபடம் வரைந்தால், அடுத்த வருடம் நேரில் போக ஒருவராவது கேட்பார். டிசம்பர் 5 சர்வதேசத் தன்னார்வலர் தினம், அதை ஒரு சாக்காக வைத்துக்கூடத் தொடங்கலாம்.

இன்னொரு பங்களிப்பு யாரும் கணக்கில் எடுக்காதது. போகிறவரின் வயதான பெற்றோரை வாரம் ஒருமுறை எட்டிப்பார்ப்பது, வீட்டு வாடகை, வங்கி வேலைகளைக் கவனித்துக்கொள்வது. ஒருவர் நிம்மதியாக ஒரு வருடம் வெளியே இருக்க ஊரில் இரண்டு பேர் வேண்டும். "என்னால் போக முடியாது" என்று வருத்தப்படுகிற நண்பரிடம் இதைக் கேளுங்கள், உபகாரம் கேட்பது போலக் கூச்சப்பட வேண்டாம், அவரும் அந்தப் பணியில் ஓர் ஆள்.

உடனே செய்ய வேண்டியது என்றால், இந்த மாதமே மூவரும் தடுப்பூசிப் பதிவுகளை எடுத்துப் பார்த்து விட்டுப்போனதைத் தொடங்குங்கள், பாஸ்போர்ட்டில் திரும்பும் தேதியைத் தாண்டி இன்னும் ஆறு மாதமாவது இருக்கிறதா என்று பாருங்கள். செவிலியத் தோழி தன் பதிவுச் சான்றிதழ்களைச் சரிபார்த்துக்கொள்ளட்டும், வேறு நாட்டில் நோயாளியைத் தொட அந்நாட்டுத் தற்காலிக உரிமம் தேவைப்படலாம், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். கல்லூரி முடித்த தோழி ஒரு முகாமுக்கு விண்ணப்பிக்கட்டும். நீங்கள் உங்கள் தன்விவரத்தை மாற்றி எழுதுங்கள், "கணக்காளர்" என்று நிறுத்தாமல், யாருக்குக் கற்றுக்கொடுத்தீர்கள், சிதறிக் கிடந்த எதை ஒழுங்காக்கினீர்கள், ஆள் பற்றாக்குறையில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதுங்கள். நேர்காணலில் முக்கால்வாசிக் கேள்விகள் அதைப் பற்றித்தான் இருக்கும். எழுதி முடித்ததும் இங்கே பகுதிவாரியாகப் போடுங்கள், பெயர், முகவரி இல்லாமல், பார்த்துச் சொல்கிறேன்.